உயர்விலை மார்க்கர்: வேகக் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் உயர்விலை பெயின்ட்பால் மார்க்கர்களை (எதிராளி மேல் சாயப் பந்துகளைச் சுடும் காற்றுத் துப்பாக்கிகளை) ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விளையாட்டின் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அரிது என்பதால் அதை மனமார வரவேற்கிறேன். ஆயினும், வினாடிக்கு எத்தனை பந்துகளைச் செலுத்தும் என்ற ஒரே கணக்கைக் கொண்டு முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தியிருப்பது வாங்கப் போகிறவருக்கு உதவாது. சில வேளைகளில் தனக்குப் பொருந்தாத ஒன்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கவும் வைத்துவிடும். பல ஆண்டுகளாக விளையாடி வருபவன், அணித்தோழர்களின் மார்க்கர்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். இன்று உயர்விலை என்று சொல்லத்தக்க மின்னணு மார்க்கர் எதுவாயினும், அதன் சர்க்யூட் போர்டில் உள்ள வரம்பை நீக்கிவிட்டால் வினாடிக்குப் பதினைந்து பந்துகளுக்கு மேல் செலுத்தக்கூடியதுதான். ஆனால் போட்டி நடத்துவோர் அந்த வரம்பை நீக்க விடுவதில்லை. பெரிய தொடர்களில் வினாடிக்குப் பத்துப் பந்துகளையொட்டியே உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக ஆடும் பல மைதானங்களில் ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரே பந்து என்பதே விதி. ஆகவே பதினைந்து சுடும் மார்க்கரும் இருபது சுடும் மார்க்கரும் ஆடுகளத்துக்குள் கால் வைத்ததும் ஒன்றாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, மேலே பொருத்தியிருக்கும், பந்துகளை நிரப்பும் கலனான லோடர் எந்த வேகத்தில் பந்துகளை இறக்குகிறதோ அதைத் தாண்டி எந்த மார்க்கராலும் சுட முடியாது. மலிவான லோடரைப் பொருத்திக்கொண்டு விலையுயர்ந்த மார்க்கரை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மைதானத்திலும் இருக்கிறார்கள். பந்து சிக்கி நிற்கும்போது அவர்கள் மார்க்கரைத்தான் திட்டுவார்கள்.

விலை கூடினால் பந்து தொலைவாகப் போகும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கட்டுரை அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்றாலும் மறுக்கவும் இல்லை. 0.68 அங்குலப் பந்து ஏறத்தாழ மூன்று கிராம் எடை கொண்டது. அது வினாடிக்கு 300 அடிக்கு மேல் செல்லக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் பாதுகாப்பு வரம்பு. பல மைதானங்களில் 280 அடி என்று இன்னும் குறைத்தே வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் பந்தின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியின் முன்னால் நின்று தம் மார்க்கரின் வேகத்தைக் காட்டியாக வேண்டும். ஒரே பந்து, ஒரே வேகம், ஒரே காற்று என்றால் அது போய் விழும் தூரமும் ஒன்றுதான். வாடகைக்குத் தரும் எளிய மார்க்கரிலிருந்து கிளம்பும் பந்துக்கும், விலைப்பட்டியலின் உச்சியில் உள்ள மார்க்கரிலிருந்து கிளம்பும் பந்துக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குத்தான் போகிறது என்று வாசகர் கேட்பார். அடுத்தடுத்த பந்துகளின் வேகம் எவ்வளவு சீராக இருக்கிறது, மெல்லிய ஓடுள்ள போட்டிப் பந்தை உடைக்காமல் தள்ளுகிறதா, சுடும்போது கை எவ்வளவு உதறுகிறது, ஒரு டேங்க் காற்றுக்கு எத்தனை பந்துகள் போகும், பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்ட எவ்வளவு நேரமாகும், எடை எங்கே விழுகிறது ஆகியவற்றுக்குத்தான் போகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் வால்வின் வகை. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே என் முதன்மையான குறை.

உயர்விலை மார்க்கர்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று ஸ்பூல் வால்வு. இதில் பந்தை முன்னே தள்ளும் போல்ட்டே வால்வாகவும் வேலை செய்கிறது. போல்ட்டைச் சுற்றியோ அதற்குப் பின்னாலோ உள்ள சிறிய அறையில் காற்று காத்திருக்கும்; சோலினாய்டு என்னும் மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வு திறந்ததும் போல்ட் நகர்ந்து பந்தை பேரல் என்னும் சுடுகுழலுக்குள் தள்ளி, தன் பயணத்தின் முடிவில் காற்றை அடைக்கும் வளையங்களான ஓ-ரிங்குகளைக் கடக்கும்போது அந்த அறைக் காற்று பந்தின் முதுகில் பாய்கிறது. சுத்தியல் போல எதுவும் எங்கும் இடிப்பதில்லை. அதனால் கை உதறல் குறைவு, சத்தமும் தணிந்தே இருக்கும். டை நிறுவனத்தின் மேட்ரிக்ஸ் வழியில் வந்த டிஎம் வரிசையும் அதன் பின் வந்த எம்2, எம்3 மார்க்கர்களும், பிளானட் எக்லிப்ஸின் ஜியோ வரிசையும், டிஎல்எக்ஸின் லக்ஸும், ஷாக்கர் வரிசையும் இந்தக் குடும்பம்.

மற்றொன்று பாப்பெட் வால்வு. இதில் ராம்மர் என்னும் சிறிய உலோகத் தண்டு ஓடி வந்து வால்வின் ஊசியை அடிக்கிறது. அடைப்பான் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் திறந்து, வேண்டிய அளவு காற்றை மட்டும் விட்டுவிட்டு மூடிக்கொள்கிறது. காற்றை இவ்வளவு கச்சிதமாக அளந்து விடுவதால் பொதுவாக இந்தக் குடும்பத்துக்குச் சிக்கனம் அதிகம். உலோகம் அடிப்பதால் கையில் ஒரு தட்டலும் காதில் ஒரு கூர்மையான ஒலியும் கிடைக்கும். பிளானட் எக்லிப்ஸின் ஈகோவும் அதன் வழி வந்த எல்வி, சிஎஸ் வரிசைகளும் இவ்வகை. ஒரே நிறுவனம் இரண்டு வகையையும் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே எந்த நிறுவனம் சிறந்தது என்று தொடங்கும் வாதம் பாதிப் பயன்தான் தரும். ஒரே பெயர் பொறித்த இரண்டு மார்க்கர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு, இரண்டு போட்டி நிறுவனங்களின் ஸ்பூல் மார்க்கர்களுக்கு இடையிலுள்ளதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

எது மேல் என்று என்னைக் கேட்டால், பராமரிப்பில் சோம்பல் உள்ளவர்களுக்கு ஸ்பூலைப் பரிந்துரைக்க மாட்டேன் என்பேன். இது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்தன்று. ஸ்பூலைப் பிரிப்பது எளிது என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான்; பல மாடல்களில் பின்மூடியைத் திருகினால் போல்ட் முழுவதும் ஒரே இழுப்பில் கையில் வந்துவிடும். ஆனால் அப்படி அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போல்ட் முழுவதும் ஓ-ரிங்குகளின் மேல் வழுக்கி ஓடும் அமைப்பு அது. கிரீஸ் காய்ந்தால் ஓ-ரிங் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். சில நிமிடம் சுடாமல் வைத்திருந்து ட்ரிகரை இழுத்தால் போல்ட் சற்றுத் தயங்கிக் கிளம்பும். அந்த முதல் பந்து மட்டும் வேகம் குறைந்து முன்னாலேயே விழும். பதுங்கிக் காத்திருந்து ஒரே ஒரு பந்தால் எதிராளியை வெளியேற்ற நினைப்பவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் குறை வேறில்லை. சோலினாய்டு திறந்திருக்கும் நேரத்தைப் போர்டில் சில மில்லிசெகண்டு கூட்டிவிட்டால் அறிகுறி மறைந்துவிடும், காற்றுச் செலவு கூடும், காரணம் அப்படியே இருக்கும். புதிய ஸ்பூல் மாடல்களில் இந்தத் தொல்லை முன்பைவிட மிகவும் குறைந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் தயாரிப்பாளர் சொன்னதைத் தவிர வேறெதையும் போடக் கூடாது. துரு நீக்கும் பெட்ரோலியத் தெளிப்பானை மார்க்கருக்குள் அடித்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தவர்கள் உண்டு. சில வகை ஓ-ரிங்குகள் ஊறி உப்பி, போல்ட் உறையில் நுழையவே மறுக்கும். அதே போல், கிரீஸை அள்ளிப் பூசுவதும் தவறு. கூடுதலாக உள்ளது சோலினாய்டின் நுண்ணிய துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஓ-ரிங்கின் மேல் விரலால் தடவினால் ஒரு மினுமினுப்புத் தெரிய வேண்டும், வெண்மையாகப் படலம் தெரியக் கூடாது. அந்த அளவே போதும்.

காற்றழுத்தம் குறைவாக இருந்தால் மார்க்கர் உயர்ந்தது என்று கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறது. இன்றைய உயர்விலை மார்க்கர்கள் பெரும்பாலும் 200 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) உட்பட்ட அழுத்தத்தில் இயங்குகின்றன. அழுத்தம் குறைந்தால் உள் உறுப்புகளின் தேய்மானமும் உதறலும் குறையும் என்பது சரி. ஆனால் குறைந்த அழுத்தத்தில் அதே பந்தை அதே வேகத்தில் தள்ள வேண்டுமென்றால் கூடுதல் கனஅளவு காற்று வேண்டும். அதனால் அழுத்தம் குறைவு என்பதும் காற்றுச் சிக்கனம் என்பதும் வெவ்வேறு கணக்குகள். பந்து உடையாமல் போவதும் அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. போல்ட் எவ்வளவு விசையோடு பந்தைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. விளம்பரங்களில் அழுத்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்பதற்காக வாங்குபவரும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 68 கன அங்குல, 4500 பிஎஸ்ஐ டேங்க் ஒன்றில் நல்ல மார்க்கர் ஆயிரம் பந்துகளுக்கு மேல் சுடும். உங்கள் ஆட்டம் அந்த எண்ணிக்கையை நெருங்குவதே இல்லை என்றால் சிக்கனத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. பின்வரிசையில் நின்று தோழர்களுக்குக் காப்பாகத் தொடர்ந்து சுடுபவருக்குத்தான் அது கவலை.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்ய வாய்ப்புக் கிடைத்தால் எதைச் செய்வது என்று கேட்டால், குரோனோகிராஃப் சோதனையைத்தான் சொல்வேன். எல்லா மைதானங்களிலும் அந்தக் கருவி இருக்கிறது. யாரும் கேட்டால் மறுப்பதில்லை. பேரலுக்குப் பொருத்தமான, புதிய பந்துகளைப் போட்டு, சீரான இடைவெளியில் ஒரு பத்துப் பன்னிரண்டு பந்துகள் சுட்டு, ஒவ்வொன்றின் வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மார்க்கரில் எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும்; வினாடிக்கு ஐந்து அடி மேலே கீழே இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு, சில நிமிடம் காத்திருந்து, ஒரே ஒரு பந்தைச் சுடுங்கள். அந்த எண் முந்தையவற்றைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் போல்ட் ஒட்டுகிறது என்று பொருள். துடைத்துக் கிரீஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாறாக, எண் கூடியிருந்தால் கவனமாக இருக்க வேண்டும். காற்றழுத்தத்தைச் சீராக வைக்க வேண்டிய ரெகுலேட்டர் அதைப் பிடித்து நிறுத்தாமல், ஓய்வாக இருக்கும்போதே மெல்ல மெல்லக் காற்றைக் கசியவிட்டு உள்ளழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. 280இல் அமைத்த மார்க்கர் காத்திருந்து சுடும்போது 300ஐத் தாண்டினால் நடுவர் உங்களை வெளியேற்றுவார் என்பது ஒருபுறம். எதிரே நிற்பவருக்கு அது உண்மையான ஆபத்து. ரெகுலேட்டருக்குள் காற்றை அடைக்கும் இருக்கைப் பாகத்தை மாற்றினால் இதுவும் தீரும் என்றாலும், பழைய மார்க்கர் வாங்குபவர் அந்தச் செலவையும் வேலையையும் விலைபேசும்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

கசிவையும் இதே போலக் காதாலும் கையாலும் படிக்கலாம். டேங்கை மாட்டியதும் பேரல் வாயில் உள்ளங்கையை வையுங்கள். அங்கே காற்று வந்தால் போல்ட்டின் ஓ-ரிங்கோ வால்வின் அடைப்போ தேய்ந்திருக்கிறது. கைப்பிடிச் சட்டத்துக்குள்ளிருந்து சீறினால் பெரும்பாலும் சோலினாய்டு அல்லது அதன் அடியிலுள்ள கேஸ்கட். டேங்க் மாட்டும் இடத்தில் சீறினால் டேங்கின் வாயிலுள்ள 015 எண் ஓ-ரிங்கை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மூன்றில் முதலும் கடைசியும் அற்பம். நடுவில் உள்ளதுதான் பணத்தைக் கேட்கும். விற்பவர் "சின்னக் கசிவுதான், ஓ-ரிங் மாற்றினால் போதும்" என்று சொல்லும்போது, அது எங்கிருந்து வருகிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள்.

பேரல் பற்றிக் கட்டுரை நீளமாக எழுதியிருக்கிறது. அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. நீளமான பேரல் தொலைவாகச் சுடும் என்பது இந்த விளையாட்டின் பழைய மூடநம்பிக்கைகளில் ஒன்று. பதினான்கு அங்குலம் பரவலாக இருப்பதற்குக் காரணம் வழக்கமும், ஆட்டக்காரர்கள் மறைந்துகொள்ளும் காற்றடைத்த தடைகளை ஒதுக்கிப் பிடிக்க வசதியாக இருப்பதும்தான். கவனிக்க வேண்டியது உள்விட்டம். பந்தின் ஓடு ஜெலட்டினால் ஆனது. ஈரக்காற்றில் உப்பும், வறண்ட குளிரில் சுருங்கி நொறுங்கும். அதனால் ஒரே பெட்டிப் பந்துகளே காலையிலும் மாலையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பேரலைக் கழற்றிப் பின்பக்கமாக ஒரு பந்தைப் போட்டுப் பாருங்கள். தானாக உருண்டு மறுமுனையில் விழுந்தால் பேரல் பெரிது. உள்ளே நின்று, வாயால் ஒரு ஊது ஊதியதும் வெளியே வந்தால் பொருத்தம். ஊதியும் அசையாவிட்டால் சிறிது. உள்ளுறைகளை மாற்றிக்கொள்ளும் வகைப் பேரல் ஒன்று இருந்தால் எந்த மார்க்கரோடும் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. பந்து நேராகப் போகவில்லை என்று மார்க்கரை மாற்றும் பலர், பந்துப் பெட்டியை மாற்றியிருந்தாலே போதும்.

மின்னணுப் பகுதியில் ஒரே ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். திரை வண்ணமயமானதா, செல்பேசியோடு இணையுமா என்பதெல்லாம் வாங்கிய முதல் வாரத்துக்கு மகிழ்ச்சி தரும். பந்து முழுதாக இறங்கியபின் மட்டுமே போல்ட்டை நகரவிடும் அகச்சிவப்புக் கண்கள் எவ்வளவு எளிதாகத் திறந்து துடைக்கும்படி இருக்கின்றன என்பது வைத்திருக்கும் காலமெல்லாம் பயன்படும். பந்து உடைந்து பெயின்ட் உள்ளே சிதறும் நாளில், இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட சில நிமிடங்களில், கையுறையைக்கூடக் கழற்றாமல் அந்த மூடியைத் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். சில மாடல்களில் கடுகளவு திருகாணி. புல்லில் விழுந்தால் போனது போனதுதான்.

கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று சொல்வது எளிது, ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. நிரப்பிய டேங்கையும் நிரம்பிய லோடரையும் மாட்டி, முகமூடி அணிந்து, டேங்கைத் தோளில் பதித்துப் பாருங்கள். வெறும் மார்க்கர் ஒரு கிலோவையொட்டி இருக்கும். டேங்கும் இருநூறு பந்துகளும் சேர்ந்தால் எடை இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். வெறும் மார்க்கரில் ஐம்பது கிராம் குறைவு என்ற பெருமை அப்போது எங்கே போனதென்று தெரியாது. முகமூடியின் தாடைப்பகுதி லோடரில் இடிக்கிறதா, இடக்கைக்கு மாற்றிப் பிடிக்கும்போது விரல் ட்ரிகரைத் தானாகத் தேடிக்கொள்கிறதா, மண்டியிட்டு ஒரு தடையின் விளிம்பில் எட்டிப் பார்த்தால் லோடர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பவற்றைப் பாருங்கள். பந்து மார்க்கரின் எந்தப் பகுதியில் பட்டு உடைந்தாலும் நீங்கள் வெளியே போக வேண்டியதுதான். ஆகவே முன்வரிசையில் தவழ்ந்து ஆடுபவருக்கு ஒடுங்கிய உருவமே கவசம்.

அடுத்தது, வாங்குபவர்கள் கடைசியில் நினைப்பதும் முதலில் நினைக்க வேண்டியதுமான உதிரிப் பாகம். ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. மின்னணு மார்க்கர்களின் காப்புரிமைகளை வைத்துக்கொண்டு மற்ற நிறுவனங்களை நடுங்க வைத்தது. 2010இல் அது மூடப்பட்டது. அதன் மார்க்கர்களை வைத்திருந்தவர்கள் ஒரு போர்டுக்காகவும் ஒரு சோலினாய்டுக்காகவும் பழைய மார்க்கர்களை வாங்கி உடைக்க வேண்டிய நிலை வந்தது. மின்னணு மார்க்கர்களின் முன்னோடிகளில் ஒன்றான ஏஞ்சலுக்கும் இதே கதிதான். ஓ-ரிங்குகள் பொதுவான அளவுகளில் எங்கும் கிடைக்கும்; போர்டு, சோலினாய்டு, கண்களின் ஒயர், போல்ட் ஆகியவை அந்தந்த மாடலுக்கே உரியவை. குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிடப்படும் சிறப்புப் பதிப்பு மார்க்கருக்குப் பெருந்தொகை கொடுப்பவர், வண்ணத்துக்கும் செதுக்கலுக்கும் கொடுக்கிறார் என்றால் அது அவர் விருப்பம். ஆனால் அதன் உள்ளுறுப்புகள் வழக்கமான மாடலோடு பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளட்டும். பொருந்தினால் வாங்கலாம். பொருந்தாவிட்டால் அது அலமாரிக்குரிய பொருள்.

இதனால்தான், சென்ற தலைமுறையின் உச்ச மாடலை நல்ல நிலையில் பழையதாக வாங்குவதை இந்த ஆண்டின் புதிய மாடலைவிடப் பலருக்கும் நான் பரிந்துரைக்கிறேன். ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் உள்ள மாற்றங்கள் இப்போது சிறியவை: கைப்பிடியின் வடிவம், ஒரு கம்பியில்லா இணைப்பு, கருவியின்றித் திறக்கும் ஒரு மூடி. 1981இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கரில் முதல் ஆட்டம் நடந்தபோது பயன்பட்டது, மரங்களிலும் கால்நடைகளிலும் அடையாளமிடச் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் 007. ஒவ்வொரு பந்துக்கும் கையால் இழுத்துத் தயார் செய்ய வேண்டும். அதிலிருந்து தொண்ணூறுகளின் ஏஞ்சலுக்கு வந்தது பெரும் பாய்ச்சல். அப்படியொரு பாய்ச்சலை எதிர்பார்த்து ஆண்டுதோறும் மாற்றுபவர்கள் ஏமாறுவார்கள்.

மின்னணு வேண்டாம் என்பவர்களையும் கட்டுரை மறந்துவிட்டது. பேட்டரியே இல்லாமல் இயங்கும் இயந்திர வகை மார்க்கர்களுக்கு இப்போது மீண்டும் மவுசு வந்திருக்கிறது. அவற்றுக்கெனத் தனிப் போட்டிப் பிரிவுகளும் உள்ளன. பழைய ஆட்டோகாக்கரைப் பொக்கிஷமாகக் காப்பவர்களும், பிளானட் எக்லிப்ஸின் எமெக் போன்ற எளிய ஸ்பூல் மார்க்கரை வைத்து மின்னணுக்காரர்களை வெளியேற்றுபவர்களும் இருக்கிறார்கள். பந்துச் செலவு குறையும் என்பது இதன் மறைமுகமான நன்மை. ட்ரிகர் விரலுக்குக் கொஞ்சம் உழைப்பு உண்டு.

விலை உயர்ந்த மின்னணு மார்க்கர் எதிலும் கார்பன் டை ஆக்சைடு டேங்கை மாட்டக் கூடாது என்ற எச்சரிக்கை கட்டுரையில் இல்லாதது பெரிய விடுபாடு. அந்த வாயு டேங்குக்குள் திரவமாக இருக்கிறது. வெப்பநிலைக்கேற்ப அதன் அழுத்தம் ஏறி இறங்கும். வேகமாகச் சுடும்போது திரவமே உள்ளே பாய்ந்து ஓ-ரிங்குகளை உறைய வைத்து, சோலினாய்டைக் கெடுத்துவிடும். உயரழுத்தக் காற்று டேங்க் மட்டுமே இவற்றுக்கு ஏற்றது. அந்த டேங்கையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. சோதனைத் தேதி டேங்கின் மேலேயே இருக்கும், அது கடந்துவிட்டால் பொறுப்புள்ள எந்த மைதானத்திலும் காற்று நிரப்ப மாட்டார்கள். மார்க்கரோடு டேங்கையும் சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். காற்று நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. உயரழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கக்கூடும்.

முகமூடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. உச்ச விலை மார்க்கரை வாங்கிவிட்டு, கையில் மிச்சமிருப்பதற்கு ஏற்ற முகமூடியை வாங்குபவர்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. ஏஎஸ்டிஎம் எஃப் 1776 என்னும் பெயின்ட்பால் கண்பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்ட, ஆவி படியாத இரட்டை லென்ஸ் உள்ள முகமூடி முதலில், நல்ல லோடர் அடுத்து, பொருந்தும் பேரல் பிறகு, மார்க்கர் அதற்கப்புறம். லென்ஸ் மங்கலாகி எதிராளி தெரியாதபோது, எந்த வால்வாக இருந்தால் என்ன?

கட்டுரையாளர் அடுத்த முறை ஒப்பீட்டு அட்டவணை வெளியிடும்போது, வினாடிக்கு எத்தனை பந்து என்ற பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வால்வின் வகை, தொடர்ந்து சுடும்போது வேகம் மாறுபடும் அளவு, ஓய்வுக்குப் பின் முதல் பந்தின் வேகம், ஒரு டேங்குக்கு எத்தனை பந்து, உதிரிப் பாகம் எத்தனை மாடல்களுக்குப் பொதுவானது ஆகியவற்றைச் சேர்க்குமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நடுவிலுள்ள மூன்றையும் ஒரு குரோனோகிராஃபும் ஒரு முற்பகலும் இருந்தால் அளந்துவிடலாம். முதலாவதற்கும் கடைசியானதற்கும் நிறுவனங்களின் பயனர் கையேடுகளே போதும்.

இப்படிக்கு,
பெயின்ட்பால் ஆட்டக்காரர் ஒருவர்